‘விவசாயம்’ என்று எழுதியது நான்தான்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டேன். நீ இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, மலையில் சிக்னல் போயிருக்கும் என்று வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. “காத்தால ஷிப்டுக்கு முன்னாடி வரிசையா நிப்பாங்கம்மா. பிரஷர் பாத்து, எடை பாத்து, ஃபிட்டுன்னு கையெழுத்து போட்டு உள்ள அனுப்பணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஈசி வேலைதான்” என்றாய். அதே ‘ஃபிட்’டை நானும் எழுதியிருக்கிறேன். அது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி உன்னிடம் நான் இதுவரை பேசியதில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் விஷயத்தை விட்டுவிட்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ போவதைத் தடுக்க இதை எழுதவில்லை. மின்சார வண்டியின் பேட்டரிக்குக் கோபால்ட் தோண்டும் ஊருக்கும் செவிலியர் வேண்டும். ஆப்பிரிக்காவில் போய் வேலை பார்க்க நம் குடும்பத்தில் ஒருவன் கிளம்புகிறான் என்பதில் எனக்குப் பெருமைதான். புகையில்லாத வண்டிகள் வர வேண்டும் என்று நீ சொல்வதையும் நான் மறுக்கவில்லை. போன மாதம் நானும் உன் அப்பாவும் வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் போயிருந்தோம். சத்தமே இல்லாமல் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. உன் அப்பாவுக்கு வண்டி என்றால் சும்மா இருக்க முடியாதே, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்த தம்பி ஒருவர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். டீசல் இல்லை, புகை இல்லை, எஞ்சினே இல்லை என்றார். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏனுங்க தம்பி, இதுக்கு மண்ணு எங்கீங்க தோண்டறாங்க?” என்றார். அந்தத் தம்பி சிரித்துவிட்டார். “மண்ணா? இது கரண்ட்டுல ஓடறதுங்க ஐயா” என்றார். உன் அப்பாவும் சிரித்தபடி நகர்ந்துவிட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் இந்த மலைக்கு வேலைக்கு வந்த கதையெல்லாம் உனக்குத் தெரியும். சேந்தமங்கலத்துக்காரி, மலை ஏறினால் தலை சுற்றும். மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கான துணை சுகாதார நிலையத்துக்கு என்னைப் போட்டபோது ஒரு வருடத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். வந்த சில வருடங்களிலேயே மலை உச்சியில் பாக்சைட் வெட்டிக்கொண்டிருந்த சுரங்கத்தில் வேலை பெருகியது. அந்தச் செம்மண் கல்லிலிருந்துதான் அலுமினியம் எடுக்கிறார்கள். அன்றைக்கு அது பாத்திரமாகவும் கம்பியாகவும் போயிற்று. இன்றைக்கு மின்சாரக் காரின் பேட்டரியைச் சுமக்கும் பெட்டியும் அலுமினியம்தான் என்று நீதான் எனக்குப் படம் காட்டிச் சொன்னாய். உன் அப்பா அந்தக் கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவுகளிலும் இறங்குவார். வீட்டுக்கு வந்தால் புருவத்தில்கூடச் செம்மண் இருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அந்த நிறத்தைப் பார்த்து அழுவாய், குளித்துவிட்டு வந்தால்தான் அவரிடம் போவாய்.

சுரங்கத்தை நான் அப்போது கெட்டதாக நினைக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. கடைசி பஸ் போய்விட்டது. நான் கையால் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் தம்பி ஓடிப்போய்ச் சுரங்க மேனேஜரிடம் சொல்ல, அவர் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஜீப்பை அனுப்பினார். அன்றைக்கு அந்த ஜீப் இல்லையென்றால் அவள் இல்லை. அவளுடைய அந்தக் குழந்தைக்கு இன்று கல்யாணமாகி, அதன் குழந்தைக்கு நான் தடுப்பூசி போட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு சுரங்கத்திலிருந்து எது கேட்டாலும் நான் மறுத்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை அங்கே மருத்துவ முகாம் நடக்கும். கீழேயிருந்து ஒரு டாக்டர் வருவார். நான் எடையும் பிரஷரும் பார்த்து எழுதுவேன், கடைசிக் கட்டத்தில் ‘ஃபிட்’ என்று எழுதி டாக்டர் பக்கம் தள்ளுவேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை, மூச்சை அளக்கவில்லை. யாரும் என்னை மிரட்டி எழுதச் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது, மதியத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது, எல்லாரும் பார்ப்பதற்குத் திடமாக இருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

துரைசாமி அண்ணனை உனக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. உயரமாக, காது மடல் பெரிதாக இருப்பார். மலைக்காரர், மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் வைத்திருந்தார். சுரங்கத்தில் அவருக்குக் குழி போடுகிற வேலை. மேலே கிடக்கும் பாக்சைட் கல் அவ்வளவு கடினமில்லை. இடையிடையே வரும் கருங்கல் பாறையை வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கம்ப்ரசர் வண்டியில் மாட்டிய துளைக்கும் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெடிக்குக் குழி போடுவார்கள். குழியிலிருந்து வெள்ளையாக மாவு கிளம்பும். முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார்கள், அதுவும் வெயிலில் அவிழ்ந்து கழுத்துக்குப் போய்விடும். அந்த அண்ணனுக்கு இருமல் வந்தது. உடம்பு இளைத்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் காசநோய் என்று முடிவு செய்து மாத்திரை ஆரம்பித்தார்கள். வாராவாரம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

ஆறு மாதம் முடிந்தும் இருமல் போகவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனிதர் மாத்திரையைச் சாப்பிடாமல் எங்கேயோ போடுகிறார், குடிக்கிறார், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படித் திட்டினேன். அவருடைய மனைவி செல்லம்மா காலி அட்டைகளை ஒரு தூக்குப்போசியில் சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். “ஒரு நாளு உடலீங்க நர்சம்மா. நாந்தானுங் எடுத்துக் குடுக்கறேன். தின்னுபோட்டுத்தான் சோத்துல கை வெப்பாரு” என்றாள். அட்டையைக் காட்டுவது பெரிய காரியமா, மாத்திரையைப் பிதுக்கிக் கீழே போட்டிருக்கலாமே என்று நான் சொன்னேன். துரைசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இருமினார். அதை நான் ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவையும் கேட்கவில்லை. இருபது அடி நடந்தால் உட்கார வேண்டிய நிலைக்கு வந்தபோது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து, அவரோடும் செல்லம்மாவோடும் நானே கூடப் போனேன். மரியாதைக்காக இல்லை, இவர் மாத்திரை சாப்பிடாத கதையை அங்கே டாக்டரிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். நெஞ்சுநோய்ப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர். நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் துரைசாமி அண்ணனைப் பார்த்து, “என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டார்.

“மலைமேல குழி போடறனுங். மிசின்ல.”

“எத்தனை வருஷமா?”

“பத்துப் பன்னெண்டு வருசம் இருக்குமுங்க.”

“தண்ணி விட்டுத் துளைப்பீங்களா, அப்படியேவா?”

“தண்ணிக்கு மலைமேல எங்கீங்க போறது? காஞ்சாப்புலதானுங்.”

அந்த டாக்டர் என் கடிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று இருந்தது. “சிஸ்டர், இது நீங்க எழுதினதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. நான்தான் எழுதினேன். மலையில் யார் வந்தாலும் ஆணென்றால் விவசாயம், பெண்ணென்றால் வீட்டு வேலை என்று எழுதுவது என் கைப்பழக்கம். இரண்டு வருடமாக அவருடைய ஒவ்வொரு காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்கள் டாக்டரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் மாத்திரை எழுதினார். துரைசாமி அண்ணனின் வேலை எனக்குத் தெரியாததல்ல. உன் அப்பாவின் லாரியில் கல் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பாறையைத் துளைத்தவரே அவர்தான். தெரிந்ததை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் விஷயம்.

அந்தப் பெண் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது, சிலிக்கோசிஸ் என்று பெயர், இதைப் பின்னால் திருப்ப மருந்து கிடையாது என்றார். இந்தத் தூசி படிந்த நெஞ்சில் காசநோயும் சீக்கிரம் வரும், அதனால் குழப்பம் வருவது சகஜம்தான் என்று எனக்காகச் சொன்னார். பிறகு, “இவர்கூட வேலை பாக்கிறவங்க எத்தனை பேர்? அவங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “கண்டுபிடிச்சு சொல்லுங்க சிஸ்டர். இவருக்கு நான் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. இவருக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்குச் செய்யலாம். நான் இங்கேயிருந்து அவங்களைப் பாக்க முடியாது. நீங்க தினமும் அவங்க வாசலுக்குப் போறீங்க” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்லம்மா ஜன்னல் பக்கம் அவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடிவாரத்தில் கரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்த பிறகுதான் பேசினாள். “அன்னைக்கே நம்பியிருக்கலாமுங்க நர்சம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணு, என் முப்பது வருட வேலையில் மேலதிகாரிகளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்த ஒரு வரியைப் போல என்னைக் கூசவைத்ததில்லை. ஊர் வந்து இறங்கியதும் துரைசாமி அண்ணனிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “உங்குளுக்கு மட்டும் என்னங் தெரியும். எனக்கே தெரியலீங்களே” என்றார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கணக்கெடுப்புக்குப் போகிற மாதிரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாகப் போகிற வீடுகள்தான், கேள்விதான் புதிது. என்ன வேலை, எத்தனை வருடம், முகத்தில் என்ன கட்டுவீர்கள், மேட்டில் ஏறும்போது முன்பெல்லாம் நிற்காத இடத்தில் இப்போது மூச்சு வாங்க நிற்கிறீர்களா? இதைக் கேட்டு எழுத டாக்டர் படிப்பு தேவையில்லை. நின்று கேட்கப் பொறுமை இருந்தால் போதும். குழி போடுகிறவர்கள் மட்டும் இல்லை, சம்மட்டியால் கல் உடைக்கிற பெண்களும் இருமினார்கள். செல்லம்மாவுக்கே இருமல் இருந்தது, அவள் சுரங்கத்துக்குப் போனதே இல்லை. தினமும் புருஷனின் சட்டையை வாசலில் உதறித் துவைத்தவள் அவள். லாரி போகும் வழியோரத்து வீடுகளில் குழந்தைகளுக்குக் கண் எரிச்சலும் சளியும் ஓயவில்லை. ஓர் ஊற்றில் மழைக்குப் பிறகு தண்ணீர் சிவந்து வருகிறது என்று பெண்கள் சொன்னதையும் எழுதினேன். எங்கள் மருத்துவ அலுவலரிடம் நோட்டைக் காட்டியபோது, “இது நம்ம ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துலயும் வராதேம்மா” என்றார். கெட்டவர் இல்லை. நிஜமாகவே அதற்கு இடம் இல்லை. நான் ஒரு நகல் எடுத்து, அவரிடமே சொல்லிவிட்டு, கீழே அந்தப் பெண் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினார். ஆனால் எக்ஸ்ரே வண்டி மலையேறி வரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் என் நோட்டு விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. சுரங்கத்தை மூடத்தான் நர்சம்மா பேர் எழுதுகிறாள் என்று பேச்சு. இரண்டு வீடுகளில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு பாட்டம் சண்டைக்கு வந்த பெண் ஒருத்தி, “நாங்க தின்னற சோத்துல மண்ண அள்ளிப் போடறீங்களே, உங்குளுக்குச் சர்க்கார் சம்பளம், எங்குளுக்கு ஆருங்க குடுப்பா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். சாமையும் மரவள்ளியும் மட்டும் வைத்து வருடத்தை ஓட்ட முடியாமல்தான் அவர்கள் மேலே போனார்கள். வேலையை நிறுத்த நான் கேட்கவில்லை, தண்ணீர் விட்டுத் துளைக்கச் சொல்கிறேன் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நீ அப்போது சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கி ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் மத்தியானமே உன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். குளிக்காமல், செம்மண்ணோடு அடுப்படிக்கு வந்து நின்றார். லாரி காண்டிராக்டர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். “உங்க ஊட்டம்மாவ நோட்ட மூடி வெக்கச் சொல்லுங்க. இல்லீன்னா வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க” என்று சொல்லியிருக்கிறார். நான் பயந்துவிட்டேன் கண்ணு. அந்த லாரி அவருக்கு வேலை மட்டும் இல்லை. சுரங்க லாரிகளில் எதை ஓட்டினாலும் சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்லக்கூடியவர் அவர். “ஏனுங்க, நிறுத்திரட்டுங்களா? பாதி ஊடு எழுதியாச்சு, போதும்” என்றேன். மனதார நிறுத்தத் தயாராகத்தான் இருந்தேன், உன்னிடம் பொய் சொல்லக் கூடாது.

அவர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். “நாளைக்கு எந்தப் பக்கம் போறே?” என்று கேட்டார்.

“மேலூர்ப் பக்கம்.”

“அங்க பொன்னுசாமின்னு ஒருத்தன் இருக்கறான். கம்ப்ரசர்ல இருந்தவன். இப்ப வேலைக்கு வாரதில்ல. மொதல்ல அவன் ஊட்டுக்குப் போ புள்ள” என்றார். “சாவியக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கறேன்.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் கேட்டார். “பையங்கிட்ட இத சொல்ல வேண்டாம். அவனோட விடுதியில இருக்கற நம்ம மலைப் பசங்க எல்லாம் சுரங்கத்துக்காரங்க ஊட்டுப் பசங்க. அம்மாவாலதான் எல்லாம்னு அவனுக்குத் தோணிரும். நான் லாரிய வளைவுல செவுத்துல உட்டுட்டேன், அதனால நிறுத்திட்டாங்கன்னு சொல்லிரு. எம்மேல கோவிச்சுக்கிட்டாப் பரவால்ல” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வசதியாக இருந்தது, சரி என்றேன். பொன்னுசாமி வீட்டுக்கு மறுநாள் போனேன். அவன் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே என்னிடம் பேசினான், படுத்தால் மூச்சு முட்டுமாம். அவன் பெயர் என் பட்டியலில் சேர்ந்தது. உன் அப்பா மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார்.

எக்ஸ்ரே வண்டி வந்தபோது பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டோம் என்றார்கள். செல்லம்மாதான் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தாள், என் பேச்சைவிட அவள் பேச்சு எடுபட்டது. பதினோரு பேருக்கு நெஞ்சில் நிழல் இருந்தது. அவர்களைச் சுரங்கத்தில் தூசி வேலையிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் டேங்க் மேலே போயிற்று. ஈரமாகத் துளைத்தால் பாதித் தூசி கிளம்புவதே இல்லை என்று நானே நேரில் பார்த்தேன், அதைப் பத்து வருடம் முன்னால் செய்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். துரைசாமி அண்ணன் அந்த மார்கழியைத் தாண்டவில்லை. அவர் செத்தது தொழில்நோயால் என்று ஒரு காகிதம் செல்லம்மா கையில் வர அதற்கப்புறமும் அவள் பல தடவை மலை இறங்க வேண்டியிருந்தது, நான் சில தடவை கூடப் போனேன். சில வருடம் கழித்துச் சுரங்கமே நின்றுபோனது. அது அனுமதி சம்பந்தமான வேறு விவகாரம், என் நோட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நான் எதையும் மூடவும் இல்லை, யாரையும் பிழைக்க வைக்கவும் இல்லை. பதினோரு பேர் இன்னும் கொஞ்ச காலம் அந்த மாவைச் சுவாசிக்காமல் இருந்தார்கள். அதில் நாலு பேர் இன்றும் மிளகு பறிக்கிறார்கள், மெதுவாக.

கோபால்ட் சுரங்கத்தைப் பற்றி நீ எனக்குப் படிக்க அனுப்பிய பாடத்தை இரண்டு முறை படித்தேன். கோபால்ட் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும், மூச்சிரைப்பு வரும், தோலில் அரிப்பு எடுக்கும், இதயத்தையும் தாக்கலாம் என்று போட்டிருக்கிறது. பாறை மாறினாலும் நெஞ்சு ஒன்றுதான். நீ அங்கே போய்ச் சுரங்கத்தைத் திருத்திவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. நீ அங்கே சம்பளத்துக்கு இருக்கப்போகிறவன், உனக்கும் மேலே பத்துப் பேர் இருப்பார்கள். ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் உன் கையில் இருக்கிறது. அவர்கள் பாஷையில் இருமலுக்கும் தூசிக்கும் களைப்புக்கும் என்ன சொல் என்று முதல் வாரமே கற்றுக்கொள். என்ன வேலை என்று கேட்டால் சுரங்க வேலை என்பார்கள். சுரங்கத்துக்குள் என்ன வேலை என்று அதற்கு மேலும் கேட்டு எழுது. மருந்து கேட்காத நோயாளி பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டும் முன்னால் நீ எழுதியது சரிதானா என்று பார். மூச்சை அளக்காமல் ஃபிட் என்று போடாதே. ஊதிப் பார்க்கும் கருவி இல்லையென்றால், இல்லை என்பதைக் காகிதத்தில் எழுதிக் கேள், நகலை வைத்துக்கொள். சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே மண்ணைக் கழுவிச் சலிக்கிற பெண்களும் குழந்தைகளும் இருப்பார்களாமே, அவர்கள் உன் வரிசையில் வர மாட்டார்கள். விடுமுறை நாளில் ஒருமுறையாவது அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார். பயம் வரும். எனக்கு வந்தது. பயந்தபோது என்னிடம் நாளைக்கு எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். உனக்கு அங்கே அப்படி யாரும் அமையும் வரைக்கும் எங்களுக்குப் போன் பண்ணு.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலில் நீ புது பைக்கில் மலையேறி வந்தாய். வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி உன் அப்பா வாசலில் நின்று சொன்னார். நீ ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “லாரிய செவுத்துல உட்டு வேலையத் தொலச்சவரு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்” என்றாய். கோபத்தில் சொல்லவில்லை, சும்மா கேலியாகத்தான் சொன்னாய். அவர், “சரி சாமி, பாத்து ஓட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நான் அடுப்படியில்தான் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை அசைத்தார். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. துரைசாமி அண்ணன் விஷயத்தில் செய்தது முதல் தப்பு என்றால், இத்தனை வருடம் உன்னை அப்படி நினைக்கவிட்டது அடுத்தது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கிழிக்கச் சொல்வார்.

அடுத்த வாரம் நீ விடைபெற வரும்போது அவரிடம் மன்னிப்பு எதுவும் கேட்காதே, அவருக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாமல் போய்விடும். சேந்தமங்கலம் வரைக்கும் உன்னைத் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்று உன் மாமாவின் காரைக் கேட்டு வைத்திருக்கிறார். நேற்று டயருக்குக் காற்றுகூடப் பார்த்துவிட்டு வந்தார். நீ டாக்ஸிக்குச் சொல்லிவிட்டதாகப் போனில் சொன்னாய். அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போ. அத்தனை வருடம் பாரம் ஏற்றிக்கொண்டு இறங்கியவர், அந்த எழுபது வளைவில் ஒரு சுவரிலும் அவர் ஒருநாளும் இடித்ததில்லை.

அம்மா